திராட்சையும் பிரண்டையும்

கல்யாண் நகரில் தமிழர் வீட்டுக்கு ஒரு முழ மண் வாய்த்துவிட்டால், முதலில் துளசியும் கறிவேப்பிலையும் வரும். அடுத்து எழும் ஆசை பெரும்பாலும் திராட்சைப் பந்தல். தேனியிலிருந்தோ நாசிக்கிலிருந்தோ ஒரு தண்டைக் கொணர்ந்து ஊன்றி, ‘இது நாட்டுத் திராட்சை’ என்று அண்டை வீட்டாருக்குக் காட்டுவோரும் உண்டு. வேனில் முழுவதும் தளிர்த்துப் படரும் கொடி, ஜூனில் மழை இறங்கியதும் இலையடியில் வெண்பூஞ்சை பூத்துக் கருகுகிறது. இரண்டு மழைக்காலம் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பிடுங்கி எறிகிறோம். நட்ட கையின்மேல் குற்றமில்லை; கொடியின் வரலாறே அதற்கு விடை கூறும்.

திராட்சை நம் மண்ணுக்கு வந்த விருந்தாளி. நம் கடற்கரைகளில் யவனர் இறக்கியது கொடியை அன்று, மதுவை. கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதப்பெற்ற ‘பெரிப்ளூஸ்’ என்னும் கிரேக்கக் கடல்வழி நூல், நம் கல்யாணைக் ‘கல்லியேனா’ என்று குறிக்கிறது. பரூச்சுத் துறைமுகத்தில் இத்தாலிய மது இறங்கியதையும் சொல்கிறது. யவனர் தந்த தேறலைச் சங்கப் புலவரும் அறிவர். தக்காணத்தில் கொடியே வேரூன்றிவிட்டதற்கு 14-ஆம் நூற்றாண்டில் நல்ல சாட்சி கிடைக்கிறது. தௌலதாபாத்துக்கு வந்த இபன் பதூதா, அங்கே திராட்சை ஆண்டுக்கு இருமுறை பழுக்கிறது என்று எழுதி வைத்தார்.

குளிர்நாட்டில் பனிக்காலத்தில் இலையுதிர்த்து உறங்கும் கொடிக்கு இங்கே உறக்கமில்லை. ஆகவே நாசிக் உழவர் கத்தியால் அதற்குப் பருவம் வகுக்கிறார்: ஏப்ரலில் ஒரு கவாத்து, அக்டோபரில் ஒரு கவாத்து, பழமோ ஒருமுறை, அதுவும் மழையற்ற மாதங்களில். நாசிக் மலைக்கு அப்பாலுள்ள மேட்டுநிலம். மலைக்கு இப்புறம் கொங்கண மழையில் நனையும் கல்யாணுக்கு அந்தக் கணக்கு ஒத்துவருவது அரிது. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையை 1832-இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொணர்ந்தார் என்பர். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற அதுவும் குடியேறிய கொடியே. மும்பைத் தமிழரைப் போல என்றால் எவரும் சினங்கொள்ளார்.

இலையைக் கருக்கும் அடிச்சாம்பல் நோயும் வெளியிலிருந்து வந்ததே. 1860-களில் பிரெஞ்சுத் தோட்டங்களின் வேர்களை அமெரிக்கப் பேன் ஒன்று அரித்தது. அதைத் தாங்கவல்ல அமெரிக்கக் காட்டுக்கொடிகளைத் தருவித்தார்கள். 1878-இல் அந்நாட்டு அடிச்சாம்பல் நோயும் பிரான்சில் தோன்றியது. 1885-இல் மில்லார்டே என்னும் பேராசிரியர் மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோக் கலவையை அதற்கு மருந்தாக அறிவித்தார். பேனிடமிருந்து தோட்டங்கள் பிழைத்ததோ, காட்டுக்கொடியின் வேரில் ஒட்டுக்கட்டியதால். மகாராட்டிரத்திலும் வறட்சிக்கும் உவர்மண்ணுக்கும் அஞ்சி, டெக்சஸ் பகுதியின் ‘டாக்ரிட்ஜ்’ வேரில் ஒட்டுக்கட்டி நடுகிறார்கள்.

அத்தகைய உரம் வாய்ந்த கொடி நம் நாட்டில் இல்லையா? திராட்சைக்கு வேராக உதவாவிட்டாலும், அதன் குடும்பத்திலேயே பிறந்த ஒன்று உண்டு. அதன் பெயர் பிரண்டை. ஐயுறுவோர் கணுவைப் பார்க்கலாம்: ஒருபுறம் இலை, எதிர்ப்புறம் பற்றுக்கம்பி. திராட்சையிலும் அதே அமைப்புத்தான். ஆம்ஸ்டர்டாமில் 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்த வான் ரீடின் மலபார்த் தாவர நூல், அதனை ‘சங்கலம் பரண்ட’ என்ற மலையாளப் பெயராலேயே பதிந்தது. லின்னேயஸ் 1767-இல் நாற்பட்டைத் தண்டைக் கருதி ‘குவாட்ராங்குலாரிஸ்’ என்றார். மராட்டியர் ‘ஹாட்ஜோட்’ என்பர். எலும்பை ஒட்டுவது என்பது பொருள். நம் வீடுகளில் அது திவசத்து இலையில் துவையல். பிள்ளையால் மனம் நொந்த தாய், பெற்ற வயிற்றில் பிரண்டையைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பாள். இவ்வளவு ஊறிய உறவிருந்தும், மும்பையில் பிறந்த நம் பிள்ளைகளிற் பலருக்கு அத்தண்டு அடையாளம் தெரிவதில்லை. திவசத்துக்கு முந்திய நாள் மாட்டுங்காச் சந்தைக்கு ஓடுகிறோம்.

இரண்டு கணுவுள்ள துண்டை வெட்டி, வெட்டுவாய் உலரும்படி இரண்டு நாள் நிழலில் இட்டு, மணல் கலந்த மண்ணில் ஊன்றினால் போதும். மழைக்காலத்தில் தொட்டியில் நீர் தேங்கலாகாது. துவையலுக்கு இளங்கணுக்களையே கொய்து, நாரை உரித்து, நல்லெண்ணெயில் நன்றாக வதக்கி, புளி கூட்டி அரைக்க வேண்டும். தண்டிலுள்ள ஊசி போன்ற ஆக்சலேட்டுப் படிகங்கள் அரிக்கும். நறுக்குமுன் கையில் எண்ணெய் தடவிக்கொள்வது அதற்காகத்தான்.