எட்டுச் சொட்டு நீலம்

தாண்டிக்குடியில் என் வயதுக்காரர்களுக்குச் சர்க்கரை நோய் அறிமுகமானது நிறமாகத்தான். எண்ணெல்லாம் பின்னால் வந்தது.

அப்பா காப்பித் தோட்டத்தில் கணக்குப்பிள்ளை. அறுபதுகளின் கடைசியில் மதுரையில் நோயைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள். ஊர் திரும்பும்போது அவர் பையில் பெனடிக்ட் கரைசல் பாட்டில் ஒன்று, டெஸ்ட் டியூப் இரண்டு, ஸ்பிரிட் விளக்கு ஒன்று இருந்தன. ஐந்து மில்லி கரைசலில் எட்டுச் சொட்டுச் சிறுநீர் விட்டுக் கொதிக்கவைக்க வேண்டும். நீலம் மாறாவிட்டால் நிம்மதி. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் நிறம் என்று போகப் போகச் சர்க்கரை அதிகம். சொட்டு எண்ணுவது என் வேலை. "ஏங்க, இன்னைக்கு மஞ்சளு" என்று அம்மா குரல் கொடுத்தால் அன்று அப்பாவுக்குப் பழம் கிடையாது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போகிற விருப்பாட்சி வாழை விளையும் ஊரில் அது லேசான தண்டனை இல்லை.

அந்த நீலம் எங்களுக்குப் பழகிய நீலம்தான். காப்பி இலைத்துருவுக்கு அடிக்கும் போர்டோ கலவையில் இருக்கும் அதே மயில்துத்தம் பெனடிக்ட் கரைசலிலும் உண்டு. சூட்டில் சர்க்கரை அந்தச் செம்பு உப்பை மாற்றிச் செந்நிறப் படிவாக இறக்கிவிடும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க வேதியியலாளர் ஸ்டான்லி பெனடிக்ட் உருவாக்கிய முறை. 1921இல் டொராண்டோவில் பாண்டிங்கும் பெஸ்டும் இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். ஊசி போடுகிறவனுக்குத் தினமும் அளவு தெரிய வேண்டுமே. அதனால் இந்தச் சோதனை ஆஸ்பத்திரியை விட்டு வீட்டு அடுப்படிக்கு வந்தது. சென்னையில் 1948இல் ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் எம். விஸ்வநாதன் சர்க்கரை நோய்க்கென்றே தனிப் பிரிவு தொடங்கினார். எங்கள் மலைக்கு அதெல்லாம் எட்டாத தூரம்.

ஆனால் நீலம் பொய் சொல்லும். ரத்தத்தில் சர்க்கரை ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டினால்தான் சிறுநீரில் இறங்கும். ஆகவே 170 இருந்தாலும் நீலம், 50 இருந்தாலும் நீலம். அதுவும் சிறுநீர் சொல்வது சில மணி நேரத்துக்கு முந்தைய கதை. ஒரு மிளகுப் பருவத்தில் காலையில் நீலத்தைப் பார்த்துவிட்டு, வழக்கமான ஊசியைப் போட்டுக்கொண்டு சரிவில் இறங்கினார் அப்பா. பாதி வழியில் வேர்த்துக் கொட்டி, கால் பின்னி, காப்பிச் செடிக்குள் உட்கார்ந்துவிட்டார். உடன் போனவர் மடியில் வெல்லம் வைத்திருந்தது எங்கள் அதிர்ஷ்டம். சமவெளியில் இது மயக்கம். ஏணி வைத்து மிளகு பறிக்கிற இடத்தில் உயிர்ச்சேதம்.

ரத்தத்தைத் தொட்டு அளக்கும் பட்டை அறுபதுகளிலேயே வந்துவிட்டது. 1970இல் அமெரிக்காவில் ஏம்ஸ் நிறுவனம் அதைப் படிக்க ஒரு மீட்டர் கொண்டுவந்தது. கனமான பெட்டி, டாக்டர்களுக்கென்றே விற்றார்கள். அது சுருங்கி உள்ளங்கையில் அடங்கி எங்கள் வீட்டுக்கு வந்தபோது அப்பா இல்லை. வந்தது எனக்காக.

இந்த மலையில் குளுக்கோமீட்டருக்கும் சில குணங்கள் உண்டு. மார்கழி விடியலில் விரல் விறைத்து ரத்தம் வராது. உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடேற்ற வேண்டும். மீட்டரும் குளிரில் 'எரர்' காட்டி மக்கர் பண்ணும். மூடுபனிக் காலத்தில் ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்துபோட்டால் ஈரம் பட்டு அத்தனையும் கெடும். ஆரஞ்சு உரித்த கையோடு குத்திக்கொண்டால் இல்லாத சர்க்கரையெல்லாம் ஏறும். ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பது போதாது, தண்ணீரில் கழுவித்தான் ஆக வேண்டும் என்று 2011இல் ஜப்பானிய மருத்துவர்கள் சோதித்தே எழுதினார்கள். எங்கள் ஊர் ஆரஞ்சுத் தோட்டத்தில் அதற்கு ஆராய்ச்சியே வேண்டாம்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீடு தேடி வருகிறது. நல்ல காரியம். என் மனக்குறை ஸ்ட்ரிப் விலையில்தான். அரை லிட்டர் பெனடிக்ட் கரைசல் நூறு தடவைக்கு வரும். அப்பா தினமும் பார்த்தார். கைக்கு அடக்கமான மீட்டரை வைத்துக்கொண்டு, ஸ்ட்ரிப்புக்குக் கணக்குப் பார்த்து மாதம் ஒருமுறை குத்திக்கொள்கிறவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.