ஓவியம் பார்த்து உருவாக்கிய நாய்

கேவலியர் கிங் சார்லஸ் ஸ்பானியல் என்னும் மடிநாயின் வம்சக் கதையை இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸின் அரண்மனையிலிருந்து தொடங்குவது வழக்கம். பெயரும் அதற்கு இடம் கொடுக்கிறது. பதிவேடுகளோ வேறு கதை சொல்கின்றன: இந்த இனம் பிறந்தது 1928இல்.

அரண்மனையில் சிறு ஸ்பானியல்கள் இருந்தது உண்மைதான். சீமாட்டிகள் மார்போடு அணைத்துக்கொள்ளும் குட்டி நாய்கள் வயிற்று நோவைத் தணிக்கும் என்று மருத்துவர் ஜான் கேயஸ் 1570இல் லத்தீனில் எழுதினார். வான் டைக் தீட்டிய அரச குழந்தைகளின் காலடியில் இந்த நாய்கள் நிற்கின்றன. 1667இல் ஆலோசனைக் கூட்டம் நடக்கையில் மன்னர் நாயோடு விளையாடிக்கொண்டிருந்ததை சாமுவேல் பெபீஸ் நாட்குறிப்பில் எரிச்சலோடு பதிந்திருக்கிறார். ஆனால் அன்று வம்சாவளிப் பதிவு கிடையாது. எதனோடு எதைச் சேர்ப்பது என்ற கட்டுப்பாடும் இல்லை. அவற்றை ஒரு வகை எனலாம், இன்றைய பொருளில் இனம் எனச் சொல்ல முடியாது.

அந்தக் கட்டுப்பாடு நாய்க் கண்காட்சிகளோடு வந்தது. 1859இல் நியூகாசிலில் கண்காட்சி, 1873இல் நாய் இனங்களைப் பதியும் கென்னல் கிளப். அதற்குள் விக்டோரியா காலத்து ரசனை தட்டை முகத்தின் பக்கம் சாய்ந்திருந்தது. மூக்கு அமுங்கி நெற்றி புடைத்த நாய்களே பரிசு வாங்கின.

பழைய முகத்தைத் தேடி வந்தவர் ராஸ்வெல் எல்ட்ரிட்ஜ் என்ற அமெரிக்கர். இரண்டாம் சார்லஸ் காலத்து ஓவியங்களில் உள்ளது போன்ற நீண்ட முகமுள்ள ஸ்பானியலுக்கு 25 பவுண்டு பரிசு என்று 1926இல் கிரஃப்ட்ஸ் கண்காட்சியில் அறிவித்தார். வளர்ப்போர் அதுவரை கழித்துவிட்ட நீள மூக்குக் குட்டிகளுக்குத் திடீரென மதிப்பு வந்தது. 1928இல் அவர்களின் சங்கம் கூடியபோது ஆன்ஸ் சன் என்ற நாயை மேசைமேல் நிறுத்தி, பழைய ஓவியங்களின் நகல்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இனத்தின் இலக்கணத்தை எழுதினார்கள். எல்ட்ரிட்ஜ் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. தனி இனமாகப் பதிவானது 1945இல்.

இதை மீட்பு என்பவர்களும் உண்டு. குட்டிகளில் நீள மூக்கு அவ்வப்போது தலைகாட்டியதால் அந்த வாதத்தை முழுதாகத் தள்ளிவிட முடியாது. ஆயினும் மீண்டது முகம் மட்டுமே. தூரிகை காட்டுவது காதும் ரோமமும் மூக்கும்தான். இதய வால்வைத் தேர்ந்தெடுக்க எந்த ஓவியமும் உதவாது. போதாக்குறைக்கு, தொடக்கத்தில் கையில் இருந்த நாய்களும் வெகு சில. எட்டு இனங்களின் மரபணுக்களை ஒப்பிட்ட ஒரு ஸ்வீடன் ஆய்வு, தீங்கு தரக்கூடிய மாற்றங்கள் கேவலியரிடமே மிகுதி என்று 2021இல் கண்டது. இதய வால்வு நோய் இந்த இனத்தில் சர்வசாதாரணம். மூளைக்குப் போதாத மண்டையோட்டால் தண்டுவட நோயும் பல நாய்களை வாட்டுகிறது.

இந்த நோய்களை முன்வைத்து நார்வேயில் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. கேவலியரைக் கேவலியரோடு சேர்த்து இனப்பெருக்கம் செய்வது விலங்கு நலச் சட்டத்துக்கு முரண் என 2023 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. ஆனால் முறையாகத் திட்டமிட்டு வேற்றினத்தோடு கலக்க நீதிமன்றம் வழிவிட்டிருக்கிறது.