கறுப்புப் புத்தகம் முதல் மூன்று வினாடிக் குறிப்பு வரை

மாணவர் நடத்தையை உற்றுநோக்கிப் பதிவு செய்யும் முறைகள் என்று கேள்வி வந்தால், நாம் அமெரிக்க அறிஞர்களின் பெயர்களைத்தான் எழுதுகிறோம். ஆனா இந்த வரலாற்றின் ஒரு பழைய பக்கம் சென்னையில் இருக்கிறது.

1789-இல் எழும்பூரில் ஆண் அனாதைப் பிள்ளைகளுக்கான பள்ளியின் பொறுப்பை ஏற்றவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். பிள்ளைகளை மணலில் எழுத வைத்ததும், மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லிக் கொடுத்ததும் அங்கேதான். (நம்ம திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள்!) அங்கே ஒரு 'கறுப்புப் புத்தகம்' இருந்தது. குறும்பு, சோம்பல், பாடம் தெரியாமை எல்லாம் அதில் ஏறும். வாரம் ஒருமுறை அதைப் பார்த்து, மாணவர்களே நடுவர்களாக உட்கார்ந்து விசாரிப்பார்கள். 1797-இல் லண்டனில் வெளியிட்ட தம் நூலில் பெல் இந்தப் பள்ளியின் முறைகளை விவரித்தார்.

கோபத்தில் உடனே பிரம்பை எடுப்பதைவிட இது எவ்வளவோ மேல். இருந்தாலும், தப்பு செய்தவன் மட்டுமே அந்தப் புத்தகத்தில் இருப்பான். மூலையில் சும்மா உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் பெயர் வருடம் முழுக்க வராது. நம்ம கட்டொழுங்குப் பதிவேடுகளும் பெரும்பாலும் அப்படித்தானே?

இதை மாற்றியது நேர மாதிரி முறை. 1932-இல் தம் ஆய்வை வெளியிட்ட மில்ட்ரெட் பார்ட்டன், மினசோட்டா பாலர் பள்ளிப் பிள்ளைகளை ஒவ்வொருவராக ஒரு நிமிடம் கவனித்தார். ஏதாவது நடந்தால்தான் எழுதுவது என்றில்லை. முறை வந்தால், அந்தப் பிள்ளை என்ன செய்தாலும் பதிவு உண்டு. அதனால்தான் அவருடைய ஆறு வகைகளில், எதிலும் சேராத பிள்ளைக்கும் வேடிக்கை மட்டும் பார்க்கும் பிள்ளைக்கும் தனித்தனி இடம் கிடைத்தது.

பிறகு வந்த நெட் பிளாண்டர்ஸ் கண்ணை ஆசிரியர் பக்கம் திருப்பினார். மூன்று வினாடிக்கு ஒரு எண். மொத்தம் 10 வகை. ஆசிரியர் பேச்சுக்கு 7, மாணவர் பேச்சுக்கு 2. வகுப்பு நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கு பேச்சு, அதிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆசிரியர் பேச்சு என்று அவர் கண்டது தேர்வில் அடிக்கடி எழுதப்படுவது. அத்தோடு இதையும் எழுதலாம்: மீதமுள்ள ஒரே எண்ணில்தான் அமைதியும் குழப்பமும் சேர்ந்து கிடக்கின்றன. பேசாமல் யோசிக்கும் பிள்ளையை அந்தத் தாளில் தேட முடியாது. அதற்குப் பார்ட்டனின் ஒரு நிமிடம்தான் வேண்டும்.