எந்தப் பையை மாட்டிக்கொண்டு போவது?

ஆம்பூருக்குப் பக்கத்தில் நாங்கள் நடத்தும் மாலை நேரப் படிப்பகத்தில் ஐந்தாம் வகுப்பிலிருந்து படித்த பெண் ஒருத்திக்குச் சென்னை கிண்டியில் வேலை கிடைத்தது. வேலையில் சேர ஒரு வாரம் இருக்கும்போது கம்பெனியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. உடை பற்றி அதில் இரண்டே சொற்கள்: பிசினஸ் கேஷுவல். சுடிதார் போதும், புதிதாக எதுவும் வாங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். அவள் விடவில்லை. "டிரெஸ் இருக்குக்கா. பை?"

முதலில் எங்களுக்குச் சிரிப்புதான் வந்தது. பிறகு அவள் நேர்முகத் தேர்வில் நடந்ததைச் சொன்னாள். அன்று அவள் தோளில் இருந்தது அண்ணனுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் அரசு கொடுத்த மடிக்கணினியோடு வந்த பை. படம் தேய்ந்து, ஜிப் ஒருமுறை மாற்றிய பை. எதிரே இருந்தவர் அதைப் பார்த்துவிட்டு, "கவர்ன்மென்ட் ஸ்கூலா?" என்றார். அடுத்த கேள்வி, "ஆம்பூர்ல எந்தப் பக்கம்?" இந்த இரண்டாவது கேள்வி எதற்கு என்று நம் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஊர் எது, சேரி எது என்று நேராகக் கேட்க முடியாத இடத்தில் 'எந்தப் பக்கம்' என்று கேட்பார்கள். அதற்கு வாசலைத் திறந்தது அந்தப் பை.

ஆகவே பை சின்ன விஷயம் இல்லை. அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது, அந்த வரலாற்றில் நாம்தான் அதிகம் இருக்கிறோம்.

இந்த 'பிசினஸ் கேஷுவல்' எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்த்துவிடலாம். அமெரிக்க அலுவலகங்களில் வெள்ளிக்கிழமை மட்டும் கோட்டு டையைக் கழற்றும் பழக்கம் பரவியபோது, எதை உடுத்தலாம் எதை உடுத்தக் கூடாது என்ற குழப்பம் வந்தது. 1992இல் லீவைஸ் கம்பெனி இதற்கென ஒரு கையேடு தயாரித்து ஆயிரக்கணக்கான மனிதவள அதிகாரிகளுக்கு அனுப்பியது. அதே கம்பெனியின் டாக்கர்ஸ் பேண்டுகள் கையேட்டோடு சேர்ந்து விற்றன. ஒரு துணிக்கடைக்காரனின் விளம்பரம் உலகம் முழுக்க அலுவலக விதியாகிவிட்டது! சீருடை என்றால் விதி வெளியே தெரியும்; வாங்கி உடுத்திவிடலாம். 'உங்கள் வசதிப்படி வாருங்கள்' என்பதில் விதி ஒளிந்திருக்கிறது. அதை வீட்டிலேயே கற்றவர்களுக்கு அது வசதி, மற்றவர்களுக்குத் தினமும் ஒரு தேர்வு. பிரெஞ்சு சமூகவியலாளர் பியர் பூர்தியு 1979இல் எழுதிய பெரிய புத்தகம் இதைப் பற்றியதுதான். எம்.ஏ. வகுப்பில் நாங்கள் அதைப் படித்தபோது பாரிஸ்காரர்கள் பிரச்சினை என்று நினைத்திருந்தோம்.

நம் ஊர்களில் பையை மாட்டிக்கொள்வதற்கு முன்னால் பையைச் சுமப்பது என்று ஒன்று இருந்தது. கர்ணம் கணக்கு எழுதுவார், கட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடப்பவர் வெட்டியான். ஊரில் வசூலான வரிப்பணத்தைத் தாலுகா கஜானா வரை சுமந்து போய்ச் சேர்ப்பதும் அவர் வேலை. வழியில் ஒரு காசு குறையாது. பணத்தை நம்பி ஒப்படைத்தவர்கள், அதே ஆளைத் திண்ணையில் உட்காரவிடவில்லை. மகாராஷ்டிரத்தில் மகர்கள் செய்த வேலையும் இதுவே. அந்த 'வதன்' அடிமை முறையை ஒழிக்க 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தவர் பாபாசாகேப் அம்பேத்கர்.

சுமந்த கதை இது. தைத்த கதை இன்னும் பழையது.

பம்புசெட் வருவதற்கு முன் நம் கிணறுகளில் கமலை இறைத்தார்கள். இரண்டு மாடு, வடம், சால். சாலின் அடியில் தும்பிக்கை போல ஒரு தோல் வால் தொங்கும். மாடு பின்னால் நகரும்போது சால் கிணற்றுக்குள் இறங்கும். முன்னால் இழுக்கும்போது நிரம்பி மேலே வரும். மேட்டுக்கு வந்ததும் வால் விரிந்து தண்ணீர் வாய்க்காலில் கொட்டும். அந்த வாலைத் தைத்தவர்கள் அருந்ததியர்கள். செத்த மாட்டைத் தூக்குவது, உரிப்பது, ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறப்போட்டுப் பதனிடுவது, தைப்பது, கிழிந்தால் ஒட்டுப்போடுவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. கூலி, அறுவடைக் களத்தில் அளந்து போடும் தானியம். கொங்கு நாட்டில் ஒரு ஏக்கர் மஞ்சளும் ஒரு ஏக்கர் கரும்பும் அந்தத் தோல் வழியாக வந்த தண்ணீரில்தான் விளைந்தன. தைத்தவர் அதே கிணற்றில் குனிந்து ஒரு கை அள்ளினால் தீட்டு. தோலில் ஊறி வந்த தண்ணீர் நெல்லுக்குத் தீட்டில்லை. இந்தக் கணக்கை எந்த சாஸ்திரம் எழுதியது என்று கேட்டால் பதில் வராது.

ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் எப்போதும் தண்ணீரில் கிடந்தால் சீக்கிரம் இற்றுப்போகும். இந்தச் சிக்கலைப் பார்த்தவர் ஆல்பிரட் சாட்டர்டன், சென்னை மாகாண அரசில் பணியாற்றிய ஆங்கிலேயப் பொறியாளர். நம் மாகாணத்துத் தோல் தொழில் பற்றி 1904இல் ஒரு நூலே எழுதினார். அமெரிக்காவில் அப்போது பரவிவந்த குரோம் உப்புப் பதனிடும் முறையைச் சென்னையில் சோதித்தார். குரோம் தோலுக்கு அவர் கண்ட முதல் பயன்களில் ஒன்று கமலைச் சால். இன்று கண்ணாடிக் கட்டடங்களுக்குள் போகும் பளபளப்பான கைப்பைகள் எந்த முறையில் பதனிடப்படுகின்றனவோ, அந்த முறை சென்னைக்குள் நுழைந்த வழிகளில் ஒன்று நம் பாட்டன்மார் தைத்த தண்ணீர்ப் பை.

பிறகு 1912இல் சேம்பர்ஸ் என்ற வெள்ளைக்காரர் பல்லாவரத்துக்கு அருகில் குரோம் லெதர் கம்பெனியை நிறுவினார். அதனால்தான் அந்த இடம் குரோம்பேட்டை. 1931இல் கடற்கரை - தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. ஆலை இன்று இல்லை. பெயர் ரயில்நிலையப் பலகையில் இருக்கிறது. தினமும் காலையில் அந்தப் பலகையின் கீழ் ஆயிரக்கணக்கான பைகள் முண்டியடிக்கின்றன. தோல் என்ற சொல் தங்கள் முகவரியிலேயே ஒளிந்திருப்பது அந்தப் பைக்காரர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? தெரிந்தால் சிலர் வீட்டை விற்றுவிடுவார்கள் என்று எங்கள் தோழர் ஒருவர் சொல்வார்.

ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் வருவோம். 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா வரை ரயில் ஓடியது. சில ஆண்டுகளில் பாதை இந்த ஊர்கள் வழியாக நீண்டது. தோல் மூட்டைகள் துறைமுகத்துக்கும், அங்கிருந்து லண்டன் சந்தைக்கும் போயின. முதலாளிகள் பெரும்பாலும் முஸ்லிம் வணிகக் குடும்பங்கள். சுண்ணாம்புத் தொட்டியில் முழங்கால் வரை நின்றவர்கள் பெரும்பாலும் சேரிக்காரர்கள். நாம் இதை ஒரு மதத்தின் மேல் ஏற்றிப் பேசவில்லை. தோல் தொழிலைச் சாதி இந்துக்கள் தீண்டாமல் விட்டதால் கிடைத்த இடைவெளியில் அவர்கள் வணிகம் செய்தார்கள், நம்மவர்கள் உடம்பைக் கொடுத்தார்கள். பண்ணையாரிடம் கும்பிட்டு நிற்பதற்குத் தோல் ஷாப்பில் வாரக்கூலி வாங்குவது மேல் என்று அந்தத் தலைமுறை எடுத்த முடிவை நாங்கள் மதிக்கிறோம். நாற்றம் இருந்தது, ஆனால் கையில் காசு இருந்தது. அந்தக் காசில்தான் இந்தப் பகுதியில் முதல் தலைமுறை பள்ளிக்கூடம் போனது.

1970களில் பாதி பதனிட்ட தோலை அப்படியே ஏற்றுமதி செய்வதை அரசு கட்டுப்படுத்த, ஷூ கம்பெனிகள் பெருகின. தொட்டிக்குள் ஆண்கள் நின்ற தொழில், தையல் எந்திரத்தின் முன் பெண்கள் உட்காரும் தொழிலானது. பாலாறு செத்தது தனிக் கதை. 1996இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்துபவரே இழப்பீடு தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பிறகும் 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்துத் தோல் ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். நம் பிள்ளைகள் படித்து வெளியேறிய இடத்தில் வேறு ஏழைகள் வந்து படுத்திருந்தார்கள்.

இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் சொன்னோம். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிக்கா, இப்ப எந்தப் பை?" என்றாள். நியாயமான கேள்வி.

நம் தோளில் இதுவரை தொங்கியவற்றை எண்ணிப் பார்த்தோம். மஞ்சப்பை: கல்யாண வீட்டில் கொடுத்ததைப் பட்டணத்துக்கு எடுத்துப்போனால் பட்டிக்காட்டான் என்று சிரித்தார்கள், 2021இல் அரசே 'மீண்டும் மஞ்சப்பை' என்று இயக்கம் தொடங்கியதும் நாகரிகமாகிவிட்டது. நாம் சுமந்தால் வறுமை, அவர்கள் சுமந்தால் சுற்றுச்சூழல். அடுத்து ஜோல்னாப் பை. தோழர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் சரி. அப்புறம் நம் அரசு ஊழியர்களின் முதல் தலைமுறை வைத்திருந்த ரெக்சின் கைப்பை. அக்குளில் இடுக்கிக்கொண்டு, உள்ளே சான்றிதழ் நகலும் சாப்பாட்டு டப்பாவும். அதன் பிறகு அரசு கொடுத்த மடிக்கணினிப் பை. 2011இல் தொடங்கிய திட்டம் நம் எத்தனை வீடுகளுக்கு முதல் கணினியைக் கொடுத்தது என்பதை அதைக் கிண்டல் செய்பவர்கள் அறியமாட்டார்கள்.

தோல் பை வேண்டாம் என்றான் அவள் அண்ணன். தாத்தா தொட்டியிலிருந்து வந்தால் பாட்டி வாசலிலேயே தண்ணீர் ஊற்றுவாளாம். அந்த வாசனையை ஏன் தோளில் மாட்டவேண்டும் என்றான். எங்களில் ஒருவருக்கு நேர் எதிரான கருத்து. தாராவியில் சுதீர் ராஜ்பர் என்ற கலைஞர் 'சமார் ஸ்டுடியோ' என்றே பெயர் வைத்துப் பை தைக்கவைக்கிறார். மகாராஷ்டிரத்தில் 2015இல் மாட்டிறைச்சித் தடை வந்து தோல் கைவினைஞர்கள் நொடித்தபோது, பழைய ரப்பரை எடுத்து அதே கைகளைக் கொண்டு தைக்க வைத்தார். வசைச் சொல்லாக இருந்த சாதிப் பெயர் இன்று விலையுயர்ந்த பையின் முத்திரை. நல்லதுதான். ஆனால் அந்தப் பையை வாங்க அவளுடைய முதல் மாதச் சம்பளம் வரவேண்டும். பை வேண்டியது திங்கட்கிழமைக்கு.

வாக்குவாதத்தை முடித்துவைத்தவர் அவள் அம்மா. ஷூ கம்பெனியில் இருபது வருடமாக அப்பர் தைப்பவர். ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாகக் கடைக்குப் போனோம். கடைப்பையன் ஒரு பழுப்புப் பையை எடுத்துவைத்து, "ஒரிஜினல் லெதர்மா, ரெண்டாயிரத்து எட்நூறு" என்றான். அந்த அம்மா பையைத் திறக்கவில்லை. உட்புறத்தைப் பிதுக்கி ஓரத்தைப் பார்த்தார். விரலால் மடித்தார். "இது அடித்தோலு தம்பி. மேல்தோல உரிச்சு எடுத்துட்டு, மிச்சத்துமேல பெயின்ட் மாதிரி பூச்சு அடிச்சிருக்கான். ஒரு மழைக்காலம் தாங்காது, உரியும்." அடுத்த பையை எடுத்து மூக்கருகில் வைத்தார். "இது தூளு. தோல் தூளை ஒட்டி அழுத்துனது." மூன்றாவதன் தோள்பட்டி சேரும் இடத்தில் நகத்தை வைத்துத் தையலை எண்ணினார். "இன்ச்சுக்கு அஞ்சு தையல்கூட இல்ல. கம்ப்யூட்டர் வச்சா பிச்சுக்கும்." கடைப்பையன் முதலாளியைத் திரும்பிப் பார்த்தான்.

கடைசியில் அவர் தேர்ந்தெடுத்தது தோல் அல்ல. கறுப்பு நைலான், முதுகில் மாட்டுவது, 950 ரூபாய். நவம்பர் மழைக்குத் தாங்கும், ரயில் நெரிசலில் முன்பக்கம் மாட்டிக்கொள்ளலாம், இரண்டு கையும் சும்மா இருக்கும். பட்டி சேரும் இடத்தில் குறுக்குத் தையல் போட்டிருக்கிறது, ஜிப் பெரியது. "மூணு வருசம் வரும். அதுக்குள்ள நீயே நல்ல தோலு வாங்கிக்கோ. என்னைக் கூட்டிட்டுப் போ, நான் பாத்துச் சொல்றேன்."

ஒன்றைத்தான் அவர் மாற்றினார். சாப்பாட்டு டப்பா பற்றி அந்தப் பெண் முதலிலேயே பயந்திருந்தாள். அவளுடைய தோழி வேலை பார்க்கும் அலுவலகத்தில் அசைவம் கொண்டுவந்தால் தனி மேசையாம். என்ன அசைவம் என்று தெரிந்தால் அந்த மேசையும் காலியாகிவிடுமாம். சாதி இப்போது பையைத் தாண்டி டப்பாவுக்குள் தேடுகிறது. அம்மா வீட்டுக்கு வந்து, மிச்சமிருந்த ஷூ லைனிங் துணியில் டப்பாவுக்கு ஓர் உறை தைத்தார். வாசனையை மறைக்கவா என்று கேட்டோம். "கொழம்பு கொட்டி புக்கு நனையக் கூடாதுல்ல" என்றார். "கறி கறிதான். அதை எதுக்கு மறைக்கணும்?"

இப்போது அவள் குரோம்பேட்டையில் விடுதியில் தங்கி, தினமும் கிண்டிக்கு ரயிலில் போகிறாள். முதல் வாரம் முடிந்து போன் செய்தாள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாவிடம் குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்த கதையைச் சொன்னாளாம்.

"நம்பினாங்களா?"

"நம்பலக்கா. ஆனா பையை எடுத்து மடியில வச்சுக்கிட்டுத் தள்ளி உட்கார்ந்து, எனக்கும் இடம் குடுத்தாங்க."