இரண்டு இளைப்புகளும் ஒரு செடியும்

தமிழில் 'இளைப்பு' என்னும் சொல் மூச்சு வாங்குவதையும் குறிக்கும். உடல் மெலிவதையும் குறிக்கும். முன்னது நீங்க வேண்டிய துன்பம். பின்னது இன்று பலர் விலைகொடுத்துப் பெற விழையும் நிலை. முன்னதைப் போக்கவும் பின்னதை உண்டாக்கவும் ஒரே செடி விற்கப்பட்டது. அந்த வரலாறு, ஒரு பொருளை 'மருந்து' என்பதற்கும் 'உணவு' என்பதற்கும் இடையிலுள்ள தொலைவைக் காட்டுகிறது.

சீன மருத்துவம் 'மா ஹுவாங்' என்று அழைப்பது எபெட்ரா என்னும் குறுஞ்செடியின் உலர்ந்த தண்டையே. காய்ச்சலோடு கூடிய சளி, இருமல், மூச்சிரைப்பு ஆகியவற்றுக்கு அதைப் பிற சரக்குகளோடு சேர்த்துக் கஷாயமாக வழங்குவது பன்னூற்றாண்டு வழக்கம். 1885இல் ஜப்பானிய வேதியியலாளர் நாகாய் நாகயோஷி அதிலிருந்து எபெட்ரின் என்னும் காரப்போலியைப் பிரித்தெடுத்தார். 1920களில் பீகிங்கில் சென், ஷ்மிட் ஆகிய இருவரும் அதன் செயல் அட்ரினலினை ஒத்தது என நிறுவினர். அட்ரினலினை ஊசிவழியே செலுத்த வேண்டும். எபெட்ரினையோ விழுங்கினாலே போதும், பயனும் நெடுநேரம் நிற்கும். ஆஸ்துமா மருத்துவத்தில் அது விரைந்து பரவியது. கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் ஆர்.என். சோப்ரா இந்திய எபெட்ரா இனங்களை ஆராய்ந்ததும் இக்காலத்தில்தான்.

எபெட்ரின் மூச்சுக்குழலை விரிக்கிறது. அதே வேளையில் இதயத்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் உயர்த்துகிறது, பசியை அடக்குகிறது, உடல் வெப்பத்தைக் கூட்டுகிறது. ஆஸ்துமா மருத்துவர்க்குப் பக்கவிளைவாக இருந்தவை எடைக்குறைப்பு வணிகத்துக்குப் பயனாயின. டென்மார்க்கில் 1970களில், ஆஸ்துமாவுக்காக எபெட்ரினும் கஃபீனும் கலந்த மாத்திரையை உட்கொண்டோர் எடை இழந்தது கவனிக்கப்பட்டபின், அம்மாத்திரை மெலிவதற்காகவே நாடப்பட்டது.

அமெரிக்காவின் 1994ஆம் ஆண்டுச் சட்டம் மூலிகைச் சாறுகளை 'உணவுத் துணைப்பொருள்' என வகைப்படுத்தியது. பாதுகாப்பானது என விற்பனைக்கு முன் மெய்ப்பிக்கும் கடமை உற்பத்தியாளர்க்கு இல்லை. தீங்கானது என மெய்ப்பிக்கும் சுமை அரசின்மேல் விழுந்தது. எபெட்ரா மாத்திரைகள் பெருகின. மாரடைப்பு, பக்கவாதம், மரணம் பற்றிய முறையீடுகளும் பெருகின. 2003 பிப்ரவரியில் ஸ்டீவ் பெக்லர் என்னும் 23 வயதுப் பேஸ்பால் வீரர் வெப்பத்தாக்கால் இறந்தபோது, அதில் எபெட்ராவுக்கும் பங்குண்டு எனப் பிணக்கூறாய்வு மருத்துவர் கூறினார். 2004 ஏப்ரலில் எபெட்ரா துணைப்பொருள்களுக்குத் தடை நடைமுறைக்கு வந்தது. வகைப்பாட்டுக்கும் தடைக்கும் இடையே பத்தாண்டுகள் கழிந்திருந்தன.

அறுவை அரங்குகளில், மயக்க மருந்தால் தாழும் இரத்த அழுத்தத்தை உயர்த்த எபெட்ரின் இன்றும் பயன்படுகிறது. அங்கே அளவு மில்லிகிராமில் கணக்கிடப்படுகிறது. நோயாளியின் துடிப்பும் அழுத்தமும் இடைவிடாது கண்காணிக்கப்படுகின்றன. கடையில் வாங்கியவர்க்கு இவ்விரண்டும் கிடைக்கவில்லை; உறையின்மேல் 'இயற்கையானது' என்னும் சொல் மட்டும் இருந்தது. இந்தியாவில் எபெட்ரின் போதைப்பொருள் சட்டத்தின்கீழ்க் கட்டுப்படுத்தப்பட்ட பொருள். ஆயினும் 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஊட்டத் துணைப்பொருள்களை இங்கும் உணவின் வரம்புக்குள்ளேயே வைக்கிறது. எனவே, எடைக்குறைப்பு மூலிகை ஒவ்வொன்றையும் குறித்துக் கேட்க வேண்டியது, அது எச்செடியிலிருந்து வந்தது என்பது மட்டுமன்று. அது தீங்கற்றது என மெய்ப்பிக்கும் பொறுப்பு யாருடையது என்பதுமாகும்.