கிள்ளான் கிளர்ச்சி கேட்ட உரிமை

குடியானவர் கிளர்ச்சி என்றவுடன் தஞ்சைப் பண்ணைகளே பலருக்கு நினைவு வரும். மிராசுதார் மண்ணில் குடிசை போட்டிருந்த பண்ணையாள், வாய் திறந்தால் வேலையோடு குடியிருப்பையும் இழந்தான். மலாயாத் தோட்டங்களில் மிராசுதாருக்குப் பதில் கம்பெனி. குடிசைக்குப் பதில் லயம். வேறு பேதம் என்ன?

ஒப்பந்தக் கூலிகளைச் சேர்ப்பது 1910-இல் நிறுத்தப்பட்டது. பின் வந்தவன் சட்டப்படி சுதந்திரன், விருப்பமில்லையேல் விலகலாம். ஆனால் விலகியவன் அன்றிரவு பெண்டு பிள்ளைகளோடு எங்கே உறங்குவான்? இந்தக் கேள்விக்குச் சட்டத்தில் விடையில்லை. தோட்டத் துரையின் அதிகாரமெல்லாம் அங்கேதான் இருந்தது.

அதை எதிர்த்தெழுந்ததே 1941-ஆம் ஆண்டுக் கிள்ளான் கிளர்ச்சி. ஆர். எச். நாதன் முன்னின்று நடத்திய அக்கிளர்ச்சியின் கோரிக்கைகளைக் கவனியுங்கள்: சீனத் தொழிலாளருக்கு ஈடான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, நல்ல வைத்திய வசதி, பெண்களிடம் தகாத முறையில் நடப்பதை நிறுத்துதல், கள்ளுக்கடைகளை மூடுதல், உறவினர் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோதல். இவற்றோடு இன்னொன்று: துரை, கிராணிமார் எதிரே சைக்கிளை விட்டு இறங்காமற் செல்லும் உரிமை!

இதையும் ஒரு கோரிக்கையாக எழுதவேண்டியிருந்ததே, அதுவன்றோ அடிமைத்தனம்! பாதை தோட்டத்துக்குச் சொந்தம், வீடு தோட்டத்துக்குச் சொந்தம். ஆகவே அவற்றில் நடப்பவனும் வசிப்பவனும் சொந்தம் என்பதே முதலாளிகளின் எண்ணம்.

தொழிற்சங்கச் சட்டம் 1940-இலேயே இயற்றப்பட்டிருந்தது. எனினும் சர்க்கார் கையிலெடுத்தது வேறு ஆயுதம். மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைதானார். அவரை விடுவிக்கக் கோரி வேலைநிறுத்தம் பரவிற்று. மே 16-இல் சிலாங்கூரில் அவசர நிலை பிரகடனமாயிற்று, பட்டாளம் வந்தது. தொழிலாளர் சிலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். பல நூறு பேர் சிறைப்பட்டனர். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். கூலியில் சில காசு கூட்டித் தர இசைந்தவர்கள், மானத்தைக் கேட்டபோது துப்பாக்கியால் விடையளித்தனர்.

பின்னர் நடந்ததென்ன? தஞ்சைப் பண்ணையாளை நினைத்தபடி நீக்காதிருக்க 1952-இல் சட்டம் வந்தது. குடியிருந்த மனையே அவனுக்குச் சொந்தமென 1971-இல் தமிழ்நாட்டில் மற்றொரு சட்டம் வந்தது. இங்கோ சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழிந்தது; லயமோ தொழிலாளிக்குச் சொந்தமாகவில்லை. கோலாலம்பூரைச் சுற்றிய தோட்டங்கள் வீடமைப்பு நிலங்களாக மாறியபோது, தலைமுறை தலைமுறையாகப் பால் வெட்டிய குடும்பங்கள் பல, மூட்டை முடிச்சுடன் வெளியேறின.

தோழர்களே! தலைநிமிர்ந்து செல்லும் உரிமையைக் கிள்ளான் தொழிலாளர் உயிர் கொடுத்து நமக்கு ஈட்டித் தந்தனர். நிற்பதற்கொரு மண் என்னும் மறுபாதியோ இன்னும் வரவேண்டிய பாக்கியாகவே நிற்கிறது.