இருதய சிகிச்சைக்கு முதுமை தடையா?

பங்காருபேட்டை இரயில் நிலையத்தை அறியாத கோலார் தங்கவயல் தமிழர் இரார். சென்னை – பெங்களூர் பெரும் பாதையிலிருந்து மாரிக்குப்பத்திற்குக் கிளைப்பாதை பிரியும் சந்திப்பு அது. சுரங்க வேலைக்கு வந்த நம் முன்னோர் அங்கேதான் வண்டி மாறினர். 2001ஆம் ஆண்டில் சுரங்கம் மூடப்பட்டது. அதில் உழைத்தவர்கள் இன்று முதியோர். அவர்களில் ஒருவருக்கு இருதயத் தமனியில் அடைப்பு என்றால், இல்லத்தில் முதலில் எழும் வினா, "இந்த வயதில் உடம்பு தாங்குமா?" என்பதே. இவ்வினாவுக்கும் ஒரு வரலாறு உண்டு.

1967ஆம் ஆண்டு, அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் டாக்டர் ஃபவலோரோ, காலிலிருந்து எடுத்த இரத்தக் குழாயைக் கொண்டு, அடைப்பைத் தாண்டி இருதயத்திற்கு மாற்றுவழி அமைத்தார். 1975இல் டாக்டர் கே. எம். செரியன் இவ்வறுவையை இந்தியாவில் முதன்முதலாக வெற்றியுடன் செய்த இடம், சென்னை பெரம்பூர் இரயில்வே மருத்துவமனை. பங்காருபேட்டையும் அந்நாளில் அதே தென்னக இரயில்வேயைச் சேர்ந்ததே. 1977இல் ஜூரிச் நகரில் டாக்டர் குருன்ட்ஸிக், மார்பைத் திறவாமலே, சிறு பலூனைத் தமனிக்குள் விரித்து அடைப்பை விலக்கினார். அம்முதல் நோயாளிக்கு வயது 38. முதியோர்க்கு இச்சிகிச்சைகளைச் செய்ய மருத்துவர் வெகுவாகத் தயங்கிய காலம் அது.

அத்தயக்கம் காரணமற்றதன்று. 1983இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், மாற்றுவழி அறுவையை ஒட்டி இறந்தோர், 65 வயதுக்குட்பட்டோரில் நூற்றுக்கு 1.9, அதற்கு மேற்பட்டோரில் 5.2; 75ஐ எட்டியோரில் 9.5. முதுமையில் தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்து இறுகுகிறது. சிறுநீரகமும் நுரையீரலும் தளர்கின்றன. இரத்தக் கசிவும் பக்கவாதமும் நேரும் அபாயம் மிகுகிறது.

ஆயினும், 75ஐ எட்டியோரிலும் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் பிழைத்தனர் என்பதையும் அதே கணக்குத்தான் கூறுகிறது. 2016இல் நார்வே நாட்டினர், 80 வயதைக் கடந்த 457 மாரடைப்பு நோயாளிகளை ஆராய்ந்தனர். மருந்து மட்டும் பெற்றோரைவிட, தமனியைச் சோதித்து வேண்டிய சிகிச்சையும் பெற்றோர்க்கு மீண்டும் மாரடைப்பு வருவது குறைந்தது. 2024இல் பிரிட்டனில், 75 வயதைக் கடந்த 1,518 பேரிடம் நடந்த ஆய்வும் அதையே கண்டது. எனினும் இருதய நோயால் நேரும் மரணம் குறைந்ததாகத் தெரியவில்லை.

இதனால் அறியத்தக்கது யாது? வயது ஓர் எச்சரிக்கையே, தீர்ப்பன்று. எண்பதிலும் கடைத்தெருவுக்கு நடந்து செல்பவர் உண்டு. அறுபத்தெட்டிலேயே படுக்கையில் வீழ்ந்தவரும் உண்டு. ஆகவே நேயர்களே, ஊரிலுள்ள தந்தையார்க்காக மருத்துவரிடம் பேசுங்கால், வயதை மட்டும் சொல்லி நிறுத்தாதீர். அவருடைய நடை, நினைவு, சிறுநீரகத்தின் நிலை ஆகியவற்றையும் கூறுங்கள். அவர் விரும்புவது யாதென அவரையே கேளுங்கள். திடீரென மார்வலி கண்டாலோ, வயதை எண்ணி ஒரு நாழிகையும் கடத்தாதீர்.